தோட்டாவின் விட்டமும் தற்காப்பும்: கைத்துப்பாக்கிக் காலிபர் விவாதத்தின் வரலாறு (1904–2017)

அமெரிக்காவில் தற்காப்புக்கென்று கைத்துப்பாக்கி வாங்கப் போகிறவர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி 9 மி.மீ.யா, .40ஆ, .45ஆ என்பதுதான். துப்பாக்கிக் கடையிலிருந்து காவல் பயிற்சிக் கூடம் வரை நூறாண்டுக்கும் மேலாக இந்த வாதம் ஓயவில்லை. எது சிறந்தது என்ற கேள்வியைவிட, அந்தக் கேள்விக்கு விடை தேடிய வழிகளே வரலாற்று மாணவருக்கு அதிகம் சொல்லித் தருகின்றன. ஒவ்வொரு காலமும் தன்னால் எதை அளக்க முடிந்ததோ அதையே தோட்டாவின் வலிமை என்று எடுத்துக்கொண்டது. அளவுகோல் மாறியபோதெல்லாம் முன்னணிக்கு வந்த காலிபரும் மாறியது. இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் இதுதான்.

பெயர்களில் இருக்கும் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளலாம். .45 என்பது அங்குலக் கணக்கு. அந்தக் குண்டின் விட்டம் ஏறத்தாழ 11.5 மி.மீ. .40 என்பது 10.2 மி.மீ. .38 என்று பெயர் பெற்ற ரிவால்வர் குண்டை அளந்தால் 9.1 மி.மீ.தான் வரும், அதாவது 9 மி.மீ. பிஸ்டல் குண்டுக்கும் அதற்கும் விட்டத்தில் வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். நூற்றாண்டுச் சண்டையின் இரு முனைகளான 9 மி.மீ.க்கும் .45க்கும் இடையே இருப்பது வெறும் 2.5 மில்லிமீட்டர்.

சிகாகோ, 1904

1899இல் தொடங்கிய பிலிப்பைன்ஸ் போரில் அமெரிக்கப் படையினரிடம் இருந்தது .38 லாங் கோல்ட் ரிவால்வர். பத்து கிராமுக்குச் சற்றுக் குறைந்த ஈயக் குண்டை அது மெதுவான வேகத்தில் செலுத்தியது. தெற்குத் தீவுகளில் மோரோ வீரர்கள் வாளும் கத்தியுமாகப் பாய்ந்து வந்தபோது பல குண்டுகள் பட்டும் அவர்கள் விழவில்லை என்று முறையீடுகள் வந்தன. ஒதுக்கி வைத்திருந்த பழைய .45 கோல்ட் ரிவால்வர்களை மறுபடியும் அனுப்ப வேண்டியதாயிற்று. பிரச்சினையை ஆராயும் பொறுப்பு இருவரிடம் வந்தது. ஒருவர் ஜான் தாம்ப்சன், பின்னாளில் தன் பெயரில் ஓர் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவர். மற்றவர் ராணுவ மருத்துவர் லூயி லாகார்ட்.

அவர்கள் தேர்ந்த சோதனைக் களம் சிகாகோவின் கால்நடைத் தொழுவங்கள். உயிருள்ள மாடுகளைச் சுட்டு, விழ எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள். மனிதச் சடலங்களைக் கட்டித் தொங்கவிட்டுச் சுட்டு, எவ்வளவு ஊசலாடுகின்றன என்று குறித்தார்கள். 7.65 மி.மீ. லூகர், 9 மி.மீ. லூகர், .38 வகைகள், .45 கோல்ட், பிரிட்டனின் .455, .476 எல்லாம் சோதனையில் இருந்தன. மாடுகளிடமிருந்து கிடைத்த விடை ஒழுங்காக இல்லை. ஒரே வகைக் குண்டுக்கு ஒரு மாடு சட்டென்று விழுந்தது. இன்னொன்று பல குண்டுகளைத் தாங்கி நின்றது. ஆனாலும் குழு உறுதியான முடிவுக்கே வந்தது: ராணுவக் கைத்துப்பாக்கியின் காலிபர் .45க்குக் குறையக் கூடாது.

அதே அறிக்கையில் இன்னொரு கருத்தும் உண்டு. உயிர்நிலையான உறுப்பில் படாவிட்டால் எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டையும் நம்ப முடியாது. ஆகவே படைவீரர்களுக்குக் குறிபார்க்கும் பயிற்சி கடுமையாகத் தரப்பட வேண்டும். பிற்காலத்தார் முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டார்கள். இரண்டாவதை மறந்ததன் விலை மிகப் பெரியது என்று நான் கருதுகிறேன்.

இந்தச் சோதனைக்குக் காரணமாக அந்தோனியோ காஸ்பி என்ற கைதியின் கதையை இன்றும் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். சமர் தீவுச் சிறையிலிருந்து தப்ப முயன்ற அவரை .38 ரிவால்வரால் மிக அருகில் நான்கு முறை சுட்டார்கள். மூன்று குண்டுகள் மார்பில் பாய்ந்தன. அவரை வீழ்த்தியது கடைசியில் துப்பாக்கிக் கட்டையால் நெற்றியில் விழுந்த அடி. நிகழ்ச்சி உண்மை, லாகார்டே தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆனால் அது நடந்தது 1905 அக்டோபரில், சிகாகோ சோதனைக்கு அடுத்த ஆண்டு. சமர் மோரோக்களின் நாடும் அன்று. முடிவு எடுத்த பின் கிடைத்த சான்றை முடிவுக்குக் காரணமாக்குவது இந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

சடலம் ஊசலாடிய அளவு எதைக் காட்டியது? .45 பிஸ்டல் குண்டின் எடை சுமார் 15 கிராம். வேகம் விநாடிக்கு 250 மீட்டர் சொச்சம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் அது முழுதும் தங்கிவிட்டால் உடலுக்குக் கிடைக்கும் வேகம் விநாடிக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவுதான். சுடுபவர் கையும் தோளும் அதே அளவு உதையை வாங்கிக்கொண்டு நிற்கின்றன. குண்டின் மோதலால் ஆள் தூக்கி எறியப்படுவது திரைப்படத்தில் மட்டுமே நடக்கும். ஊசலாட்டத்தை அளந்தவர்கள் அளந்தது உந்தத்தை, காயத்தை அல்ல.

எப்படியானாலும் முடிவு நிலைத்தது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த .45 பிஸ்டலை அமெரிக்க ராணுவம் 1911 மார்ச்சில் ஏற்றது. 1985இல் 9 மி.மீ. பெரெட்டா வரும்வரை அதுவே ராணுவத்தின் முதன்மைக் கைத்துப்பாக்கி. 1902இல் கியார்க் லூகர் உருவாக்கிய 9 மி.மீ. தோட்டாவை இதே காலத்தில் ஐரோப்பா தன்னுடையதாக்கிக்கொண்டது.

விரியும் குண்டும் சட்டமும்

விட்டத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் வந்தது என்பதற்கு விடை கல்கத்தாவுக்கு அருகே இருக்கிறது. டம்டம் ஆயுதச் சாலையில் 1890களின் நடுவில் கேப்டன் பெர்ட்டி-கிளே, .303 குண்டின் முனையில் உலோக உறையை நீக்கி, உள்ளிருக்கும் ஈயம் வெளியே தெரியும்படி விட்டார். உடலில் பட்டதும் முனை நசுங்கி விரிந்தது. சிறிய குண்டு பெரிய காயம் செய்தது. வடமேற்கு எல்லைப் போர்களில் அது பயன்பட்டது. 1899இல் ஹேக் மாநாட்டின் பிரகடனம் இத்தகைய குண்டுகளைப் போரில் தடை செய்தது. அமெரிக்கா அதில் கையெழுத்திடவில்லை என்றாலும் நடைமுறையில் பெரும்பாலும் அதைப் பின்பற்றியது. குண்டு உள்ளே போய் விரியக் கூடாது என்றால், முதலிலேயே அகலமான குண்டைத் தேட வேண்டும். ராணுவத்தின் .45 மோகத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். உள்நாட்டுக் காவல் துறைக்கும் குடிமக்களுக்கும் அந்தத் தடை பொருந்தாது. குழிவான முனை கொண்ட குண்டுகள் அமெரிக்கக் காவல் துறையில் பரவத் தொடங்கியபோதே, ராணுவச் சோதனை தந்த முடிவு அவர்களுக்குப் பொருந்துமா என்ற கேள்வி எழுந்திருக்க வேண்டும்.

கணக்கு நுழைந்தது

ஜூலியன் ஹாட்சர் என்ற ராணுவ அதிகாரி சிகாகோ முடிவுகளை ஒரு சூத்திரமாக்கினார். 1935இல் வெளிவந்த அவருடைய பாடநூல் வழியாக அது பரவியது. குண்டின் உந்தம், குறுக்குவெட்டுப் பரப்பு, முனையின் வடிவத்துக்கான எண் ஆகிய மூன்றையும் பெருக்கினால் நிறுத்தும் ஆற்றல் கிடைக்கும். .45இன் பரப்பு 9 மி.மீ.யைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் அதிகம்; உந்தமும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். இரண்டையும் பெருக்கும் சூத்திரத்தில் .45 இரு மடங்கு வலிமையாகத் தெரிவதில் வியப்பில்லை. முடிவு சூத்திரத்துக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தது.

1970களில் அமெரிக்க நீதித் துறையின் ஆய்வு நேர் எதிரான விடையைத் தந்தது. கணினியில் மனித உடலின் மாதிரி ஒன்றை உருவாக்கி, குண்டு கடக்கும்போது திசு கணநேரம் விரிந்து சுருங்கும் தற்காலிகக் குழிவின் அளவை வைத்துத் தோட்டாக்களை வரிசைப்படுத்தினார்கள். இந்த அளவுகோலில் இலேசான, வேகமான குண்டுகள் முன்னுக்கு வந்தன. எவ்வளவு ஆழம் போகிறது என்பது பின்னுக்குப் போயிற்று.

மியாமி, 11 ஏப்ரல் 1986

வங்கிக் கொள்ளையர் இருவரை எஃப்.பி.ஐ. முகவர்கள் எட்டுப் பேர் மியாமியின் ஒரு குடியிருப்புத் தெருவில் மடக்கினார்கள். சில நிமிடங்களே நீடித்த சண்டையில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. முகவர்கள் ஜெரி டவ், பெஞ்சமின் க்ரோகன் இறந்தனர்; மேலும் ஐவர் காயமடைந்தனர்.

சண்டையின் தொடக்கத்தில் கொள்ளையன் மைக்கேல் பிளாட் காரின் ஜன்னல் வழியே வெளியேறிக்கொண்டிருந்தான். அப்போது டவ்வின் 9 மி.மீ. பிஸ்டலிலிருந்து வந்த 7.5 கிராம் குழிமுனைக் குண்டு அவன் வலது மேற்கையைத் துளைத்து மார்புக்குள் போனது. நுரையீரலைக் கிழித்து, இதயத்துக்கு ஓர் அங்குலம் இருக்கையில் நின்றுவிட்டது. பிழைக்க முடியாத காயம் அது. ஆனாலும் பிளாட் தொடர்ந்து சண்டையிட்டான். இரு முகவர்களும் அவன் கையிலிருந்த ரைஃபிளால் இறந்தது அதற்குப் பிறகுதான். குண்டு வடிவமைத்தபடியே விரிந்தது, ஆற்றலைத் திசுவில் செலவிட்டது, ஆழம் போதவில்லை. முந்தைய பத்தாண்டின் அளவுகோல் சிறப்பாக மதிப்பிட்ட வகைக் குண்டு அது.

எஃப்.பி.ஐ. குறைந்த ஆழத்தைக் குற்றம் சாட்டியது, அது நியாயம். 9 மி.மீ. காலிபரையும் சேர்த்துக் குற்றம் சாட்டியது. அதற்கு இந்தச் சான்று போதாது. பிளாட்டிடம் இருந்தது ரைஃபிள், முகவர்களில் பெரும்பாலோரிடம் இருந்தவை ரிவால்வர்கள் என்ற வேறுபாடு காலிபர் விவாதத்தில் மறைந்துபோனது.

ஜெலட்டின் தந்த ஒழுங்கு

இந்த வரலாற்றில் நான் மிக மதிக்கும் கட்டம் அடுத்து வருவது. வியட்நாம் போர்க்காயங்களுக்குச் சிகிச்சை செய்த ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர், சான் ஃபிரான்சிஸ்கோவின் லெட்டர்மன் ஆய்வகத்தில் பத்து விழுக்காட்டு ஜெலட்டின் கட்டியை 4 டிகிரி செல்சியஸில் வைத்துச் சோதித்தார். ஒவ்வொரு கட்டியும் சரியாக உறைந்திருக்கிறதா என்று அறிய முதலில் ஒரு சிறு எஃகு உருண்டையை விநாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் செலுத்த வேண்டும்; அது எட்டரை சென்டிமீட்டர் அளவு புகுந்து நின்றால்தான் கட்டி தகுதியானது. ஒருவர் செய்த சோதனையை வேறோர் ஊரில் இன்னொருவர் செய்து ஒப்பிட முடிந்தது இதனால்தான். கைத்துப்பாக்கி வேகத்தில் தற்காலிகக் குழிவைப் பெரும்பாலான திசுக்கள் நெகிழ்ந்து தாங்கிக்கொள்கின்றன, குண்டு நேரடியாக நசுக்கிய பாதையே காயம் என்று அவர் காட்டினார்.

1987 செப்டம்பரில் குவாண்டிகோவில் எஃப்.பி.ஐ. கூட்டிய கருத்தரங்கு இந்த வழியை ஏற்றது. 1989இல் யூரி பேட்ரிக் எழுதிய அறிக்கை அதைத் தெளிவாகச் சொல்லியது. மூளையோ மேல் தண்டுவடமோ தாக்கப்பட்டால் ஒழிய உடனடிச் செயலிழப்பு உறுதியில்லை. இதயமே சிதைந்தாலும் பத்துப் பதினைந்து விநாடிகள் செயல்பட மூளையில் ஆக்சிஜன் இருக்கும். எனவே குண்டு குறைந்தது 12 அங்குலம் புக வேண்டும். கனமான உடை, பலகை, தகடு, கார்க் கண்ணாடி ஆகியவற்றைக் கடந்த பிறகும் அந்த ஆழம் கிடைக்கிறதா என்று சோதித்தார்கள்.

தேர்வானது 10 மி.மீ. அதன் உதை பலருக்குத் தாங்க முடியாததாக இருந்ததால் மருந்தைக் குறைத்தார்கள். குறைத்ததும் தோட்டாக் கூட்டில் இடம் காலியாகக் கிடந்தது. கூட்டையே சுருக்கினால் 9 மி.மீ. அளவுப் பிஸ்டலில் பொருத்தலாமே என்று ஸ்மித் அண்ட் வெஸனும் வின்செஸ்டரும் 1990 ஜனவரியில் கொண்டுவந்ததே .40. சில ஆண்டுகளில் அமெரிக்கக் காவல் துறைகளின் பெரும்பகுதி அதற்கு மாறியது.

ஆனால் ஜெலட்டின் சோதனை எல்லாக் காலிபருக்கும் பொதுவான தேர்வு. அதில் தேற வேண்டும் என்ற கட்டாயத்தில் உற்பத்தியாளர்கள் 9 மி.மீ. குண்டைத் திருத்தத் தொடங்கினார்கள்: உறையும் ஈயமும் பிரியாமல் ஒட்டியது, துணி அடைத்தாலும் குழிமுனை விரிந்தது, எடை கூடியது, ஆழம் கிடைத்தது. 2014இல் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவு 9 மி.மீ.க்குத் திரும்பலாம் என்று முடிவு செய்தது. சண்டைகளில் காவலர் சுடும் குண்டுகளில் 20 முதல் 30 விழுக்காடுதான் இலக்கில் படுகின்றன என்று அது சுட்டியது. ஒரே நிறுவனத்தின் முழு அளவுப் பிஸ்டல்களை எடுத்தால் 9 மி.மீ. க்ளாக்கில் 17 தோட்டாக்கள், .40இல் 15, .45இல் 13. உதை குறைந்தால் அடுத்த குண்டு விரைவாகவும் சரியாகவும் போகும். தாம்ப்சனும் லாகார்டும் எழுதி, யாரும் படிக்காமல் விட்ட அந்த இரண்டாம் கருத்து 110 ஆண்டு கழித்துக் கொள்கையானது. 2017இல் ராணுவம் எம்17 பிஸ்டலைத் தேர்ந்தபோதும் 9 மி.மீ.யே நீடித்தது.

தெருவிலிருந்து வந்த எண்கள்

ஆய்வகத்தை நம்பாதவர்கள் உண்மையான துப்பாக்கிச் சூடுகளை எண்ணினார்கள். இவான் மார்ஷலும் எட்வின் சானோவும் 1992இல் வெளியிட்ட நூல், ஒரே குண்டில் எத்தனை பேர் தாக்குவதை நிறுத்தினார்கள் என்று விழுக்காடு தந்து புகழ் பெற்றது. ஒன்றுக்கு மேற்பட்ட குண்டு பட்ட நிகழ்வுகளை அவர்கள் நீக்கிவிட்டார்கள். ஒரு குண்டு போதாமல் போன சம்பவங்களில் பெரும்பகுதி அப்படித்தான் முடிந்திருக்கும். தோல்விகளைக் கழித்துவிட்டு வெற்றி விழுக்காடு காண்பது புள்ளியியல் ஆகாது.

ஓஹாயோவின் காவல் பயிற்சியாளர் கிரெக் எல்லிஃப்ரிட்ஸ் 2011இல் வெளியிட்ட, சுமார் 1,800 நிகழ்வுகள் கொண்ட தொகுப்பு இதைவிட நேர்மையானது. எத்தனை குண்டு பட்டும் செயலிழக்காதவர்கள் 9 மி.மீ.யில் 13 விழுக்காடு, .40இல் 13, .45இல் 14. பெரிய மூன்றுக்கும் இடையே வேறுபாடு இல்லை. சிறிய காலிபர்களில் எண் தாவுகிறது: .22இல் 31, .25இல் 35, .32இல் 40. ஆனால் செயலிழக்கத் தேவைப்பட்ட சராசரிக் குண்டுகள் .22க்கு 9 மி.மீ.யைவிடக் குறைவு. .22 வலிமையானது என்று இதற்குப் பொருள் இல்லை. பிஸ்டலைக் கண்டதும், அல்லது ஒரு குண்டு பட்டதும், பலர் தாமே நின்றுவிடுகிறார்கள், 9 மி.மீ. வைத்திருப்பவர் அந்த நொடிக்குள் இரண்டு மூன்று முறை சுட்டிருப்பார். மனத்தால் நிற்பவரையும் உடலால் நிற்பவரையும் இந்த எண்கள் பிரித்துக் காட்டா.

இந்திய வாசகருக்கு இந்தத் தொகுப்பில் .32இன் வரிசை தனிக் கவனத்துக்குரியது. இங்கே 9 மி.மீ. தடை செய்யப்பட்ட வகை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் தற்காப்பு உரிமம் பெறும் குடிமகன் பெரும்பாலும் வாங்குவது அரசு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வரோ பிஸ்டலோதான். 2014இல் பெண்களுக்கென்று அறிவித்து, ரூ.1,22,360 விலையில் கான்பூரிலிருந்து வந்த ‘நிர்பீக்’ ரிவால்வரும் .32தான். ராணுவ, காவல் தோட்டாக்கள் வெளியே கசியக் கூடாது என்ற பழைய அக்கறையில் வகுத்த எல்லை இது. காயத்தைப் பற்றிய ஆய்வு எதுவும் இதற்கு அடிப்படையாக இருந்ததில்லை. எல்லிஃப்ரிட்ஸின் 40 விழுக்காட்டை இங்கே அப்படியே பொருத்துவதும் தவறு. அவர் தொகுப்பில் .32ஆல் சுடப்பட்டவர்கள் 25 பேர் மட்டுமே, அதில் .32 ரிவால்வரும் .32 பிஸ்டலும் கலந்திருக்கின்றன.