கஞ்சா வணிக வரியும் வாக்குச்சீட்டும்: ஓக்லாந்து நகரை முன்வைத்து

கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரம் 2009 ஜூலையில் 'எஃப்' என்னும் முன்மொழிவை வாக்கெடுப்புக்கு விட்டது. மருத்துவக் கஞ்சா விற்பனையகங்கள் ஆயிரம் டாலர் வரவுக்கு 18 டாலர் வரி கட்ட வேண்டும் என்றது அது. அதுவரை அவை கட்டியது 1.20 டாலர். வாக்களித்தோரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் ஆதரித்தனர். வரியை வேண்டியவர்களில் விற்பனையாளர்களும் இருந்தனர். கூட்டரசுச் சட்டம் குற்றமெனக் கருதும் தொழிலுக்கு நகராட்சியின் வரி ரசீது ஓர் அங்கீகாரம் அல்லவா? வரி விதித்ததில் பிழையில்லை. அதை இலாபத்தின்மீது வைக்காமல் மொத்த வரவின்மீது வைத்ததும், விகிதத்தை வாக்குச்சீட்டோடு பிணைத்ததுமே பிழை என்பது என் வாதம்.

கூட்டரசு வருமானவரிச் சட்டத்தின் 280ஈ பிரிவு 1982 முதல் நடப்பிலுள்ளது. அதன்படி கஞ்சா வணிகர் சரக்கின் கொள்முதல் விலையைக் கழித்துக்கொள்ளலாம். வாடகையையும் கூலியையும் கழிக்க இயலாது. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். விற்பனை 100 டாலர், கொள்முதல் 60, வாடகையும் கூலியும் 30. கையில் நிற்பது 10. நகரம் மொத்த வரவில் 10 விழுக்காடு கேட்டால் அந்தப் பத்தும் போய்விடும். கூட்டரசோ 40 டாலரை வருமானமாகக் கொண்டு 21 விழுக்காடு, அதாவது 8.40 டாலர் கேட்கும். நேர்மையாகக் கணக்குக் காட்டுபவர் நட்டப்படுகிறார். உரிமமின்றி விற்பவருக்கு இந்தச் சுமை எதுவுமில்லை. வளர்ப்பவர், பதப்படுத்துபவர், கடைக்காரர் என ஒவ்வொரு கையிலும் இத்தகைய வரி படிந்தால் விலை மேலும் ஏறும்.

அந்தப் பத்து விழுக்காடும் வெறும் கற்பனை அன்று. 2010 நவம்பரில் நிறைவேறிய 'வி' முன்மொழிவு மருத்துவக் கஞ்சாவுக்கு 5 விழுக்காடும், மருத்துவம் சாராத விற்பனைக்கு 10 விழுக்காடும் விதித்தது. அதே நாளில் மாநில வாக்காளர்கள் பொதுப் பயன்பாட்டை அனுமதிக்கும் 19ஆம் முன்மொழிவைத் தோற்கடித்தனர். சட்டப்படி இல்லாத ஒரு வணிகத்துக்கு விகிதம் மட்டும் நிலைத்தது! 2016இல் அந்தப் பயன்பாட்டை அனுமதிக்கும் 64ஆம் முன்மொழிவு வென்று, 2018 ஜனவரியில் கடைகள் திறந்தபோது, அந்த விகிதமே காத்திருந்தது. அதன்மேல் மாநிலத்தின் 15 விழுக்காட்டுத் தீர்வை வேறு. சந்தையைப் பாராமல் குறித்த எண்ணைச் சந்தை வந்தபின் திருத்தவும் மறுபடி வாக்காளரிடமே போக வேண்டியிருந்தது.

2018 நவம்பரில் அப்படித்தான் போனார்கள். மூலப்பொருள் மதிப்பைக் கழிக்கவும், நகர மன்றம் தானே விகிதத்தைக் குறைக்கவும் வாக்காளர்கள் இசைந்தனர். அதன்பின் மன்றம் விகிதங்களைக் குறைத்தது. இது மக்களின் உரிமையை மன்றத்துக்குத் தாரைவார்ப்பது என்று சிலர் வாதிடக்கூடும். அது பொருந்தாது. 1996இன் 218ஆம் முன்மொழிவு வாக்காளரிடம் ஒப்படைத்தது வரியை விதிக்கவும் உயர்த்தவும் உள்ள ஒப்புதலையே. உச்சவரம்பு அவர்கள் கையில் இருக்கும்வரை, அதற்குக் கீழே இறங்கும் உரிமையை மன்றம் பெறுவது அந்த ஒப்புதலை மீறுவதாகாது. ஓக்லாந்து இந்த ஏற்பாட்டை 2010இலேயே செய்திருக்க முடியும்.