கூதிர்ப் பாசறை: தாராபுரம், 1783

வாகைத் திணையின் துறைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் பாசறையைச் சொல்கிறது. கூதிர்ப் பாசறை, வேனிற் பாசறை என்று அது இருவகைப்படும். நக்கீரரின் நெடுநல்வாடையில் வாடைக் காற்றும் தூறலுமான நள்ளிரவில் புண்பட்ட வீரரைப் பார்த்துவரும் வேந்தனை நாம் அறிவோம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். அந்த இரு மாதங்களில் ஒரு படை வீடு திரும்பாமல் வெளியில் கிடப்பது அரிய செயலாகக் கருதப்பட்டதால்தான் அது வெற்றியின் திணைக்குள் இடம்பெற்றது என்று வகுப்பறைகளில் விளக்குகிறோம். அந்தப் படை எதை உண்டது, மழையில் நனைந்த பாதையில் எதைச் சுமந்து எப்படிப் போனது என்று கேட்டால் நம்மிடம் விடை இல்லை. புலவருக்கு அது பொருட்டல்ல.

நமது ஊரை ஒட்டி நடந்த ஒரு கூதிர்காலப் பயணத்துக்கு அந்த விடை எழுத்தில் கிடைக்கிறது. 1783இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தென்படைக்குத் தலைமை ஏற்ற கர்னல் வில்லியம் ஃபுல்லார்ட்டன் தாம் செய்ததை எல்லாம் மெக்கார்ட்னி பிரபுவுக்கும் சென்னை அரசின் குழுவுக்கும் ஒரு நெடுங்கடிதமாக எழுதினார். 1787இல் அது நூலாக வெளிவந்தது. திருநெல்வேலியைப் பற்றிய பகுதிகளைக் கால்டுவெல் தமது திருநெல்வேலிச் சரித்திரத்தில் (1881) எடுத்தாண்டதால் அவை நம்மவர்க்கு ஓரளவு தெரிந்தவை. கொங்கைப் பற்றிய பகுதிகளை நம்மில் படித்தவர் குறைவு.

ஃபுல்லார்ட்டன் பிறவிப் போர்வீரர் அல்லர். தூதரகப் பணியில் இருந்தவர், பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். சொந்த முயற்சியில் ஒரு ரெஜிமெண்டைத் திரட்டிக்கொண்டு இந்தியா வந்தார். அப்போது வயது முப்பதை எட்டவில்லை. அவர் பொறுப்பேற்றபோது சிப்பாய்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி; கருவூலத்தில் பணமில்லை; ஹைதர் அலியின் படையெடுப்பால் கர்நாடகப் பகுதி பாழ்பட்டுப் பொதிமாடுகளும் தானியமும் அரிதாகியிருந்தன. படைக்கலை கற்றவர்கள் முற்றுகையைப் பற்றி யோசித்த இடத்தில் இவர் மாட்டைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் யோசித்தார். அனுபவம் இல்லாதது அவருக்கு நன்மையாகவே முடிந்தது என்பது நமது எண்ணம்.

1783 ஜூன் 2ஆம் நாள் தாராபுரம் கோட்டை அவர் வசமாயிற்று. இந்தக் கோட்டை கைமாறுவது புதிதன்று. 1768இல் கர்னல் வுட் பிடித்தார், ஹைதர் மீட்டார். 1790இல் மெடோஸ் படை பிடித்தது. அதே ஆண்டில் திப்பு மீட்டார். அமராவதியின் கரையில், கரூருக்கும் பாலக்காட்டுக் கணவாய்க்கும் நடுவில், பழனி வழியாகத் திண்டுக்கல்லுக்கும் பாதை பிரியும் இடத்தில் இருக்கும் ஊருக்கு வேறு விதி இருக்க முடியாது. மைசூருக்கு எதிரே தெற்கில் ஒரு களஞ்சியம் வேண்டும் என்றால் அது இங்கேதான் அமையும்.

தாராபுரம் கிடைத்ததும் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிச் செல்வதே அவர் விருப்பம். ஆனால் கடலூரில் பிரெஞ்சுக்காரருடன் மோதிக்கொண்டிருந்த ஜெனரல் ஸ்டூவர்ட்டுக்கு உதவச் செல்லுமாறு உத்தரவு வந்தது. படை கிழக்கே திரும்பியது. கடலூரை நெருங்கிய வேளையில் சண்டை நின்றுவிட்டது. ஐரோப்பாவில் பிரான்சும் பிரிட்டனும் பூர்வாங்க உடன்படிக்கை செய்துகொண்ட நாள் 1783 ஜனவரி 20. அச்செய்தி சோழமண்டலக் கரையை எட்ட ஐந்து மாதத்துக்கு மேலாயிற்று. அதற்கிடையில் ஜூன் மாதத்தில் கடலூரில் செத்தவர்கள், சமாதானம் ஏற்பட்ட பிறகு செத்தவர்கள்.

அங்கிருந்து படை தெற்கே போனது. ஆகஸ்டு 12ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சி, பிறகு சிவகிரி. அது தனிக்கதை. நமக்கு வேண்டியது இதுதான்: கம்பெனிக்கும் திப்புவுக்கும் ஆகஸ்டு தொடக்கத்தில் மங்களூரில் போர்நிறுத்தம் ஏற்பட்டிருந்தது. அது நிலைக்குமா என்பது ஒருவருக்கும் தெரியாது. அந்த ஐயத்துக்கு நடுவில், திருநெல்வேலியிலிருந்து திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் நகர்ந்தபடியே ஃபுல்லார்ட்டன் அடுத்த பயணத்துக்குத் திட்டமிட்டார். அப்போது அவரிடம் சுமார் 13,500 வீரர்கள் இருந்தனர்.

இந்த எண்ணிக்கையைக் கொண்டு நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தலைக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ அரிசி என்றால் பதின்மூன்றரை டன். ஒரு பொதிமாடு நூறு கிலோ சுமக்கும் என்று கொண்டால் ஒரு நாள் உணவுக்கு 135 மாடுகள், பத்து நாளுக்கு 1,350 மாடுகள். பீரங்கி இழுக்கும் மாடுகள், குண்டும் மருந்தும் சுமப்பவை, கூடாரம் சுமப்பவை வேறு. படையின் பின்னால் வரும் வண்டிக்காரர், கடைக்காரர், வேலையாட்கள், பெண்கள், குழந்தைகள் ஆகியோர் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. இந்த மாடுகளும் தின்ன வேண்டும். வேனிலில் கொங்கின் மேய்ச்சல் நிலங்கள் காய்ந்து கிடக்கும். கிணறுகள் அடிமட்டத்துக்குப் போய்விடும். ஐப்பசி மழைக்குப் பிறகு புல் உண்டு, குட்டைகளில் நீர் உண்டு. ஆனால் கரிசல் மண் சேறாகிப் பீரங்கிச் சக்கரம் புதையும், ஆறுகள் பெருகும். வேனிலில் போனால் மாடு சாகும், கூதிரில் போனால் வண்டி நிற்கும். நம் வண்டிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த சிக்கல்தான் அது.

ஃபுல்லார்ட்டன் கண்ட தீர்வு பாலக்காடு. மைசூருக்கு நேர்வழி கஜல்ஹட்டிக் கணவாய். ஆனால் அதில் ஏறுமுன் பின்புறம் பாதுகாப்பாக இருக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் கையில் இருந்தால் திருவிதாங்கூரும் தலைச்சேரியும் ஒருபுறம், திண்டுக்கல்லும் திருச்சியும் மறுபுறம். இரு கடற்கரைகளோடும் தொடர்பு கிட்டும். பம்பாய்ப் படையோடும் சேரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக அங்கே நெல் உண்டு. தென்மேற்குப் பருவமழை கொங்குக்குத் தராததைக் கணவாய்க்கு அப்பால் கொட்டிவிடுகிறது. முதற்போக நெல் ஆவணி, புரட்டாசியில் அறுவடையாகிப் பத்தாயத்தில் ஏறியிருக்கும். ஐப்பசியில் புறப்படுகிறவன் அறுவடை முடிந்த ஊருக்குப் போய்ச் சேர்வான். பத்தாயத்துக்குரியவர்களின் சம்மதம் இத்திட்டத்தில் ஒரு பொருட்டாகவே இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

போர்நிறுத்த விதிகளைத் திப்பு மீறுகிறார் என்ற செய்திகள் வரவே, அக்டோபர் பிற்பகுதியில் படை மேற்கே நகர்ந்தது. உடுமலைப் பகுதியைக் கடந்து ஆனைமலை வரை பாதை எளிது. அதற்குப் பிறகுதான் காடு. மரங்களை வெட்டி, ஓடைகளைத் தூர்த்து, பீரங்கிகளை இழுத்துச் செல்லும் அளவுக்கு வழி அமைத்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. அதோடு பதினான்கு நாள் விடாத மழை. திட்டம் போட்டவர் மழையை எதிர்பார்க்காமல் இல்லை. அத்தனை மழையை எதிர்பார்க்கவில்லை.

விந்தை என்னவென்றால், பாலக்காட்டுக் கோட்டை விழுந்ததற்கும் மழையே காரணம். நவம்பர் நடுவில் ஓரிரவு பெருமழைக்கு ஒதுங்கி, வெளி அரணில் நின்ற காவலர் உள்ளே போய்விட்டனர். காப்டன் மெயிட்லண்ட் அந்த வேளை பார்த்துப் புகுந்தார், உள்ளே பீதி பரவியது, கோட்டை பணிந்தது. உறுதியான கோட்டை அது, நீண்ட முற்றுகையைத் தாங்கியிருக்கும். நவம்பர் கடைசியில் கோயம்புத்தூரும் பணிந்தது. தானியமும் பணமும் கிடைத்தன. இனிக் கஜல்ஹட்டி, அதன் மேல் மைசூர். மழை ஓய்ந்து முன்பனி தொடங்கும் காலம்; மலைப்பாதை உலரும். பயணத்தின் மறுபாதி தொடங்க வேண்டிய சரியான வேளை.

அப்போது வந்தது கடிதம். திப்புவுடன் சமாதானம் பேசச் சென்றுகொண்டிருந்த தூதர்களிடமிருந்து வந்த உத்தரவு அது: பிடித்த இடங்களை விட்டுவிட்டுப் பழைய எல்லைக்குத் திரும்புக. ஃபுல்லார்ட்டன் தயங்கினார், வாதிட்டார், இறுதியில் பணிந்தார். பின்னர், விட்டுக்கொடுப்பதை நிறுத்திவைக்கும்படி மறு உத்தரவு வந்தபோது பாலக்காடு கைவிட்டுப் போயிருந்தது. 1784 ஜனவரி இறுதியில் மங்களூர்க் கோட்டையும் திப்புவிடம் விழுந்தது. மார்ச் 11இல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தாராபுரமும் மீண்டும் மைசூருக்கே போயிற்று.

கம்பெனி வரலாற்றாசிரியர்கள் சிலர் இதைக் கைநழுவிய வெற்றி என்று வருந்தி எழுதினார்கள். நமக்கு அந்த வருத்தம் தேவையில்லை. ஃபுல்லார்ட்டன் கஜல்ஹட்டி ஏறியிருந்தால் கொங்கின் மாடுகள் மேலும் சில ஆயிரம் மலைப்பாதையில் விழுந்திருக்கும், அவ்வளவே. ஆனால் நம் ஊர்ப் புறத்தில் ஐப்பசியில் என்ன கிடைக்கும், தையில் என்ன கிடைக்கும், எந்த மண்ணில் சக்கரம் புதையும் என்பதை ஒரு வெளியூர்க்காரர் இவ்வளவு நுணுகிக் கேட்டறிந்திருக்கிறார் என்பது கவனத்துக்குரியது. கேட்டறிந்தார் என்றால் சொன்னவர்கள் இருந்தார்கள். வழிகாட்டிகள், ஒற்றர்கள், தானியம் விற்றவர்கள், ஆனைமலைக் காட்டில் தடம் காட்டியவர்கள். மைசூர் ஆட்சியில் வெறுப்புற்றுச் சொன்னார்களா, பணத்துக்கா, அச்சத்தாலா? தளபதிகளின் பெயர்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. இவர்களுடையவை கிடைக்கவில்லை.

1792இல் தாராபுரம் கோட்டையை இடித்தார்கள். 1799இல் திப்பு வீழ்ந்தபின் கொங்கு முழுவதும் கம்பெனிக்கு உரியதாயிற்று. அடுத்த ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன், அந்த ஆண்டுக் கூதிரில் கொங்கைச் சுற்றிவிட்டு, ஃபுல்லார்ட்டன் நாடிய அதே கணவாய் வழியாக மலபாருக்கு இறங்கினார். வெல்லெஸ்லி பிரபுவின் ஆணைப்படி அவர் கேட்டுக் குறித்துக்கொண்டவை பயிர், மண், வரி, தறி, கால்நடை. பீரங்கி இல்லாமல் கேட்கப்பட்ட அதே கேள்விகள். அவருடைய குறிப்புகள் 1807இல் மூன்று தொகுதிகளாக வெளியாயின.

அந்நாளில் கொங்கின் தென்பாதிக்குத் தாராபுரமே தலைமையிடம். 1804இல் இரு பாதிகளும் ஒன்றாக்கப்பட்டுக் கோயம்புத்தூர் தலைநகராயிற்று; தாராபுரம் ஒரு தாலுகா ஊராகத் தங்கிவிட்டது.