நெட்டுக்குப்பத்து நாய்க்குட்டியும் 1860-ல் தொடங்கிய ஒரு கதையும்

கொஞ்சம் நீளமான இழை. டீ குடிச்சுக்கிட்டே படிங்க.

போன வாரம் ஓபி முடியற நேரம். நெட்டுக்குப்பத்துலேர்ந்து ஒரு அக்கா வந்தாங்க. மீன் விக்கிறவங்க, சுகருக்கு என்கிட்டதான் மாத்திரை வாங்குவாங்க. சீட்டை வாங்கிட்டும் எழுந்திருக்கல.

"டாக்டரம்மா, எங்க வீட்டு குட்டிக்கு கு.க. ஆபரேஷன் பண்ணி ரெண்டு நாள் ஆச்சு. ராத்திரி முழுக்க முனகுது. அரை பாராசிட்டமால் உடைச்சுக் குடுத்துடவா?"

நான் மனுஷ டாக்டர். நாய்க்கு வைத்தியம் சொல்ற தகுதி எனக்கு இல்ல. ஆனா இந்த ஒரு கேள்விக்கு மட்டும் சட்டுனு பதில் சொல்லணும். குடுக்காதீங்க. நமக்குச் சாதாரணமா இருக்கிற வலி மாத்திரைங்க நாய்க்கு விஷமாகலாம். பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும், ஐபுப்ரோஃபென் குடலைப் புண்ணாக்கி சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாலஞ்சு கிலோ உடம்புக்கு நம்ம அரை மாத்திரையே அதிகம். வலி தெரிஞ்சா ஆபரேஷன் பண்ண கால்நடை டாக்டருக்கே போன் போடுங்க, நாய்க்குன்னே தனி வலி மருந்து இருக்கு.

அப்புறம் அந்தக்கா கேட்டாங்க: "எனக்கும் கு.க. பண்ணாங்க, மூணாம் நாளே கூடை தூக்கினேன். இதுக்கு மட்டும் ஏன் இவ்ளோ?"

நல்ல கேள்வி. பேருதான் ஒண்ணு, ஆபரேஷன் வேற. பெண்களுக்குச் செய்யற கு.க.வில் கருக்குழாயை மட்டும் கட்டி வெட்டுவோம். பெண் நாய்க்குப் பொதுவா சினைப்பை ரெண்டையும் கர்ப்பப்பையையும் சேர்த்தே எடுத்துடுவாங்க. வயித்தைத் திறந்து செய்யற பெரிய ஆபரேஷன் அது.

சினைப்பையை எடுக்கிற இந்த வேலைக்கு மனுஷங்க வரலாற்றிலும் ஒரு கதை இருக்கு. 1809 டிசம்பர், அமெரிக்காவின் கென்டக்கி. எஃப்ரைம் மெக்டவல்னு ஒரு கிராமத்து டாக்டர், ஜேன் கிராஃபோர்ட் என்கிற பெண்ணின் வயித்திலிருந்து சுமார் 10 கிலோ சினைப்பைக் கட்டியை எடுத்தார். ஈதர் மயக்க மருந்து வெளிச்சத்துக்கு வந்ததே 1846-ல்தான். அதனால் அந்தம்மா முழு நினைவோட படுத்திருந்தாங்க. பிழைச்சதோட, இன்னும் 32 வருஷம் வாழ்ந்தாங்க. எனக்குப் பிடிச்ச விஷயம் வேற: அஞ்சாம் நாள் டாக்டர் போய்ப் பார்த்தா, அந்தம்மா எழுந்து நின்னு படுக்கையைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தாங்களாம். நோயாளியைப் படுக்க வைக்கிற கஷ்டம் அன்னைக்கே இருந்திருக்கு. நெட்டுக்குப்பத்து நாய்க்குட்டி மட்டும் என்ன விதிவிலக்கா?

இப்ப நம்ம ஊர் கதை. இது கொஞ்சம் கசப்பானது.

மெட்ராஸ் மாநகராட்சி தெருநாய்களைப் பிடிச்சுக் கொல்லத் தொடங்கியது 1860-ல். காரணம் ரேபிஸ் பயம். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. பாஸ்டர் தடுப்பூசி போட்டுக் காட்டியது 1885-ல்தான். அதுக்கப்புறமும் நம்மாளுங்களுக்கு ஊசி பக்கத்தில் கிடைக்கல. கசௌலியில் 1900-ல் ஒரு பாஸ்டர் நிலையம் வந்துச்சு, ஆனா மெட்ராஸ்லேர்ந்து இமயமலை அடிவாரத்துக்கு ரயிலேறிப் போய்ச் சேர்றதுக்குள்ள நாள் ஓடிடும். குன்னூரில் தென்னிந்தியாவுக்கான பாஸ்டர் நிலையம் திறந்தது 1907-ல்.

அந்தக் கால ஊசியை உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. "தொப்புளைச் சுத்தி 14 ஊசி"ன்னு சொல்லிக் கையை வயித்துக்குக் கொண்டு போவாங்க. ஆட்டு மூளையிலிருந்து தயாரிச்ச செம்பிள் தடுப்பூசி அது. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-ல் உருவாக்கினது. சிலருக்கு அந்த ஊசியாலயே நரம்புப் பாதிப்பு வரும். இந்தியா அதன் தயாரிப்பை நிறுத்தியது 2004 கடைசியில்! நான் படிச்ச காலத்துப் பேராசிரியர்கள் அந்த ஊசி போட்டவங்கதான்.

சரி, நாயைக் கொன்னா ரேபிஸ் குறைஞ்சுதா? இதைத் தோண்டிப் பார்த்தவர் ப்ளூ கிராஸின் சின்னி கிருஷ்ணா. அவர் எழுதியிருக்கிற கணக்கு இது: தொடக்க காலத்தில் நாளைக்கு ஒரு நாய்கூட இல்ல, 1995 வாக்கில் நாளைக்கு 135. தோல் அவ்வளவு சேர்ந்ததால், அதில் கழுத்துப்பட்டை, பர்ஸ் செய்ய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைச்சுப் பார்த்த அளவுக்குப் போயிருக்கு. நூறு வருஷத்துக்கும் மேல கொன்னும் கொல்ற எண்ணிக்கை ஏறிக்கிட்டே போச்சுன்னா, அந்த வழி தோத்துப்போச்சுன்னுதான் அர்த்தம்.

ஏன் தோத்துச்சு? நாயின் கர்ப்பகாலம் 63 நாள்தான். ஒரு தெருவைக் காலி பண்ணா, அங்க கிடக்கிற சாப்பாட்டைத் தேடிப் பக்கத்துத் தெரு நாய் வரும், அது குட்டி போடும். மீன் கழிவு கொட்டுற எங்க பக்கத்துக் குப்பங்கள்ல இதைக் கண்ணாலயே பார்க்கலாம்.

1959-ல் மெட்ராஸில் பலத்த மழை. தி.நகர் வெள்ளத்தில் ரெண்டு நாய்க்குட்டி தத்தளிச்சுக்கிட்டு இருந்ததைப் பார்த்து வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தார் விமானி கேப்டன் சுந்தரம். அவரும் மனைவி உஷாவும் (அவங்களும் விமானிதான்) தொடங்கினதுதான் ப்ளூ கிராஸ். சின்னி கிருஷ்ணா அவங்க மகன். 1964-ல் அவங்க மாநகராட்சிகிட்ட சொன்ன யோசனை: கொல்லாதீங்க, கருத்தடை பண்ணி, ஊசி போட்டு, பிடிச்ச இடத்திலேயே விடுங்க. ஏபிசி மாதிரி எளிமையானதுன்னு அதுக்கு ஏபிசின்னே பேர் வச்சாங்க.

அந்த எளிமையான யோசனையை மாநகராட்சி ஏத்துக்கிட்டது 1996-ல். 32 வருஷம்! முதல்ல தென்சென்னை, அப்புறம்தான் வடசென்னை. வழக்கமான வரிசைதான், எங்களுக்குப் பழகிப்போச்சு. 2001-ல் நாடு முழுக்க விதியாச்சு, 2023-ல் அந்த விதியைப் புதுசாக்கினாங்க.

1996-ல் சென்னையில் ரேபிஸால் 120 பேர் இறந்தாங்க, அடுத்த பத்து பதினஞ்சு வருஷத்தில் அது பூஜ்யத்தைத் தொட்டுச்சுன்னு ப்ளூ கிராஸ் கணக்கு சொல்லுது. இதுக்கு முழுப் பேரையும் கருத்தடைக்கே குடுக்க மாட்டேன். நல்ல ஊசி அரசு ஆஸ்பத்திரியில் இலவசமா கிடைக்க ஆரம்பிச்சதும் பெரிய காரணம். அந்த பூஜ்யமும் நிரந்தரம் இல்ல, தமிழ்நாட்டில் ரேபிஸ் மரணச் செய்தி மறுபடி வந்துக்கிட்டுதான் இருக்கு. கடிச்சா சோப்புத் தண்ணியில் 15 நிமிஷம் கழுவுங்க, அன்னைக்கே ஊசி போடுங்க. வீட்டு நாய்க்குட்டியா இருந்தாலும் இதேதான்.

இந்த முழு வரலாறும் கடைசியில் ஒரு சின்னத் தையல்மேலதான் நிக்குது. தெருநாயை ஆபரேஷனுக்கு அப்புறம் குறைஞ்சது 4 நாள் கூண்டில் வச்சுப் பார்க்கணும். என் கருத்து: காசும் இடமும் பத்தாத இடத்தில் முதல்ல வெட்டு விழறது இந்த நாட்கள்லதான். தையல் பிரிஞ்ச ஒரு நாய் திரும்பி வந்தா, அந்தத் தெருவே அடுத்த தடவை வண்டியைப் பார்த்ததும் நாயை ஒளிச்சு வைக்கும்.

வீட்டு நாய்க்கு அந்தக் கூண்டு வேலையை நாமதான் செய்யணும். வயித்தை மூணு அடுக்கா தைச்சிருப்பாங்க. வெளித்தோல் சீக்கிரம் ஒட்டிடும், உள்ள இருக்கிற தசை உறைதான் தாமதமாகும். அதனால நாய் மூணாம் நாள் துள்ளுதுன்னு ஏமாறக் கூடாது. 10-லேர்ந்து 14 நாள் கட்டில், படி, படகு எதுலயும் ஏற விடாதீங்க. ஒண்ணுக்குப் போகக் கயிறு போட்டுக் கூட்டிட்டுப் போங்க. குளிப்பாட்டக் கூடாது. நெட்டுக்குப்பத்தில் இன்னொண்ணு, கடற்கரை மணலும் முகத்துவாரத் தண்ணியும் வேணாம். 2023 டிசம்பர்ல எண்ணெய் மிதந்த தண்ணி அது, எங்க யாருக்கும் அது மேல இன்னும் நம்பிக்கை வரல.

நக்க விடக் கூடாது. அதுக்குத்தான் கழுத்தில் மாட்டற அந்தப் புனல். 16-ம் நூற்றாண்டு இங்கிலாந்து சீமாட்டிகளின் மடிப்புக் கழுத்துப்பட்டை ஞாபகத்தில் அதுக்கு எலிசபெத் காலர்னு பேர். குட்டி ரொம்ப முரண்டு பிடிச்சா, டாக்டரைக் கேட்டுட்டு, பழைய சின்ன பனியனை நாலு காலும் நுழையற மாதிரி வெட்டிப் போடலாம். மஞ்சள், தேங்காய் எண்ணெய், டெட்டால் எதுவும் தையல்மேல வேணாம்.

ரெண்டு வேளை வயித்தைப் பாருங்க. லேசான வீக்கம் பரவால்ல. சீழ், நாத்தம், தையல் பிரியறது, வெளுத்த ஈறு, வயிறு உப்பறது, திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு நாள் முழுக்க சாப்பிடாம சுருண்டு கிடக்கறது, இதுல ஒண்ணு இருந்தாலும் காத்திருக்காதீங்க. வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. 1903-லேர்ந்து இருக்கிற கல்லூரி அது.

அந்தக்கா நேத்து மறுபடி வந்தாங்க, சுகர் ரிப்போர்ட்டோட. பத்தாம் நாள் தையல் பிரிச்சாச்சாம். புனலை மாட்டிக்கிட்டே வலைக்கூடைக்குள்ள தலையை விட்டு சிக்கிக்கிச்சாம், ரெண்டு பசங்க பிடிச்சு இழுத்தாங்களாம். காயம் காய்ஞ்சுடுச்சு. சுகர்தான் 240. அதைக் கேட்டதுக்கு, "நாய்க்குட்டியைப் பார்த்துக்கிட்டதுல மாத்திரையை மறந்துட்டேன் டாக்டரம்மா"ன்னாங்க.