மருத்துவப் பணியாளர்களுக்கான காசநோய்ப் பரிசோதனை

காசநோயாளிகளைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு அந்த நோய் தொற்றியிருக்கிறதா என்று பணியில் சேரும்போதும் பிறகு அவ்வப்போதும் பார்க்கும் முறை. தமிழகத்தில் இதன் அவசியத்தை எண்ணிக்கையோடு காட்டியது வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி. 

ராபர்ட் காக் 1882-ல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து சொன்ன பிறகும், செவிலியர் வேலைக்கும் காசநோய்க்கும் தொடர்பில்லை என்று சாதித்த மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் இருந்தார்கள். 1920-களில் ஆஸ்லோ நகரின் உல்லவோல் மருத்துவமனையில் ஹைம்பெக் என்பவர் பயிற்சிக்கு வந்த பெண்களுக்குத் தோல் சோதனை செய்தார். ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்று இல்லை. படிப்பு முடிவதற்குள் அவர்களிலும் கிட்டத்தட்ட எல்லாருக்கும் தொற்றிவிட்டது.

சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் கிடைக்கும் அளவு குணம் கிடைக்கும் என்று 1959-ல் நிரூபித்தது. உலகமே பின்பற்றிய ஆய்வு அது. ஆனால் நோய் இன்னதென்று தெரியாமலே பொது வார்டில் படுத்து இருமும் நோயாளியின் பக்கத்தில் நிற்பவர்களைப் பற்றிய கேள்விக்கு அதில் விடையில்லை.

அந்த விடை வேலூரிலிருந்து வந்தது. 1992 முதல் 2001 வரை அங்கே 125 பணியாளர்கள் காசநோய்க்குச் சிகிச்சை பெற்றார்கள். பிறகு நர்சிங் மாணவியரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011-ல் வெளியானது. தொடக்கத்திலேயே பாதிப் பேருக்குத் தோல் சோதனை நேர்மறை. தொற்றில்லாதவர்களில் மறுபடி சோதிக்கப்பட்ட 180 பேரில் 14 பேருக்குப் புதிதாகத் தொற்றியிருந்தது. ஆண்டுக்கு நூற்றுக்கு 7.8. நாட்டு மக்களிடையே அப்போது அது சுமார் 1.5 என்றே கணக்கிடப்பட்டிருந்தது. அதே மருத்துவமனையின் இன்னோர் ஆய்வில், பொது மருத்துவ வார்டிலும் நுண்ணுயிரியல் ஆய்வகத்திலும் வேலை செய்தவர்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்று தெரிந்தது.

இந்தத் தோல் சோதனை எளியது. முன்கையின் தோலுக்குள் 0.1 மில்லி டியூபர்குலின் ஏற்றி, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்ப்பார்கள். சிவப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. விரலால் தடவித் தடிப்பின் ஓரத்தைக் கண்டு, அதன் குறுக்களவை மில்லிமீட்டரில் அளப்பார்கள். பலருக்கு ஏற்கெனவே தொற்று இருக்கும் நாட்டில் ஒரு தடவை அளப்பதால் பெரிய பயனில்லை. சேரும்போதே அளந்து குறித்துவைத்து, இல்லை என்று வந்தவர்களுக்கு ஆண்டுதோறும் திரும்பச் செய்தால்தான் வார்டில் தொற்றியது எது என்று பிரித்தறிய முடியும். அமெரிக்கா 2019-ல் இந்த ஆண்டுச் சோதனையை எல்லாருக்கும் வேண்டாம் என்று விட்டது. நோய் அரிதான நாட்டுக்கு அது சரி, நமக்குப் பொருந்தாது.

காற்றுவழித் தொற்றைத் தடுக்கும் வழிகாட்டி நெறிகளை மத்திய அரசு 2010-ல் வெளியிட்டது. சன்னலைத் திறந்துவைப்பது, இருமும் நோயாளியைத் தனியே உட்காரவைப்பது போன்றவை அதில் உண்டு. சோதனைப் பட்டியலில் மருத்துவர், செவிலியரோடு வார்டைப் பெருக்கித் துடைப்பவர்களும் சளி டப்பாவைக் கையாள்பவர்களும் இருக்க வேண்டும். பணியாளர் யாருக்கேனும் இருமல் இரண்டு வாரம் நீடித்தால் அன்றே சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அதற்கான விடுப்பைச் சம்பளத்தோடு கொடுங்கள்.