ஸ்டேஷன் இருக்கு, ரயில் எங்கே?

எங்க ஊர் விருத்தாசலம். நாலு திசைக்கும் தண்டவாளம் பிரியற ஜங்ஷன். அதனாலேயோ என்னவோ, ‘டாப் ஸ்டேஷன்’னு ஒரு இடம் இருக்குன்னு கேட்டதும் எனக்கு வந்த முதல் கேள்வி: அங்கே எந்த ரயில் நிக்கும்?

எதுவும் நிக்காது. மூணாறுக்குப் போனவங்களுக்குத் தெரியும், டாப் ஸ்டேஷன்னா மேகம் பார்க்கிற வியூபாயின்ட். இடம் தேனி மாவட்டத்துல, ஆனா ரோடு போறது கேரளா வழியா. இந்த விசித்திரத்துக்குக் காரணமே ஒரு பழைய ரயில்தான்.

1902-ல் கண்ணன் தேவன் மலைத் தேயிலையை வெளியே கொண்டுபோக மூணாறுலேர்ந்து இங்கே வரைக்கும் ஒரு மோனோரயில் போட்டாங்க. ஒரே தண்டவாளம். அதுமேல சின்னச் சக்கரம், சாயாம இருக்க பக்கத்துல தரையில ஓடற பெரிய சக்கரம். இழுத்தது மாடுகள். 1908-ல் அதை எடுத்துட்டு இரண்டு அடி அகல நேரோகேஜ் பாதை வந்தது. அதுதான் குண்டளை பள்ளத்தாக்கு ரயில்வே.

ரயில் ஏன் இங்கேயே நின்னுபோச்சு? ரயிலால செங்குத்தா ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. மெதுவான சரிவுதான் வேணும். அமெரிக்காவுல நடைபாதையா மாத்தின பழைய ரயில் படுகைகள்லயும் இதே மெதுவான சரிவுதான்: யார் வேணா மூச்சு வாங்காம நடக்கலாம். அங்கே கிரேட் அலெகனி பாசேஜ்னு ஒரு பாதை மட்டும் சுமார் 240 கிலோமீட்டர். ஆனா டாப் ஸ்டேஷனைத் தாண்டினா மலை ஆயிரம் மீட்டருக்கும் மேல கீழே விழுது. அதனால தேயிலைப் பெட்டிகள் அங்கேயிருந்து ரோப்வேயில தொங்கிக்கிட்டே கொட்டகுடிக்கு இறங்கின. அந்த இடத்துக்குப் பேரு பாட்டம் ஸ்டேஷன். அப்புறம் வண்டியில போடிநாயக்கனூர்.

பெட்டி கயித்துல இறங்கிச்சு. ஆளுங்க? கங்காணிகள் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்துலேர்ந்து கூட்டிட்டு வந்த தமிழ்த் தொழிலாளர்கள் இதே மலையில கால்நடையா ஏறித்தான் எஸ்டேட்டுக்குப் போனாங்க. இன்னிக்கு நாம ட்ரெக்கிங்னு சொல்றது அவங்களுக்கு வேலைக்குப் போற வழி.

1924 ஜூலையில பெருமழை. கொல்லம் ஆண்டு 1099 என்பதால கேரளாவுல இன்னும் ‘தொண்ணூத்தி ஒன்பது வெள்ளம்’னுதான் சொல்வாங்க. அதுல ரயில் பாதை சிதைஞ்சுபோச்சு. திரும்பக் கட்டவே இல்லை. மூணாறு ஸ்டேஷன் கட்டிடம் தேயிலைக் கம்பெனி ஆபீஸ் ஆச்சு. வழித்தடம் பெரும்பாலும் ரோடாச்சு.

நடக்க ஆசைப்படறவங்க ஒண்ணு மனசுல வைங்க. மேலே ரயில் போன சாந்தமான சரிவு. கீழே ரயிலே தோத்துப்போன சரிவு. ரெண்டும் ஒரே மலைதான், ஆனா ஒரே நடை இல்லை. 2018 மார்ச் 11-ல் குரங்கணிப் பக்கம் காட்டுத்தீயில சிக்கி 20-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. பலர் சென்னையிலிருந்து போன, நம்ம வயசுக்காரங்க. வனத்துறை அனுமதி இல்லாம, கோடைக்காலத்துல அந்தப் பக்கம் இறங்காதீங்க.

போனா, வியூபாயின்ட்ல மேகத்தைப் பாருங்க. அப்படியே கொஞ்சம் குனிஞ்சு கொட்டகுடிப் பக்கமும் பாருங்க. அங்கேயிருந்துதான் நம்ம ஆளுங்க ஏறி வந்தாங்க.