மூச்சு 20

மாதத்தின் முதல் வாரம் எனக்கு மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் அறையில்தான் கழியும். டிஸ்சார்ஜ் ஆனவர்களின் கேஸ் ஷீட்டுகளில் நாற்பதை உருவி எடுத்துப் படிப்பேன். டி.பி.ஆர். சார்ட்டில் காய்ச்சல் ஏறி இறங்கும், நாடி ஏறி இறங்கும். மூச்சு மட்டும் அசையாது. 20, 20, 20. நிமோனியாவுக்கும் 20, ஹெர்னியாவுக்கும் 20. விடியற்காலையில் மூச்சுத்திணறி ஐ.சி.யூ.வுக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பாட்டிக்கு ராத்திரி இரண்டு மணிக்கும் 20.

எழுதிய பிள்ளைகளைத் திட்ட எனக்கு வாய் வராது. 1998-ல் என் முதல் நைட் டியூட்டியில் முப்பத்திரண்டு கட்டிலுக்கு நானும் ஓர் ஆயாம்மாவும். மூத்த ஸ்டாஃப் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடமே இதுதான்: “மூச்சை எண்ணிக்கிட்டு நின்னா ஊசி போட்டு முடியாது தாயி, இருபதுன்னு போட்டுட்டு வா.” போட்டேன். பல வருடம் போட்டேன்.

இப்போது பதினொரு வருடமாகக் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். நான் வார்டுக்குள் நுழைந்தால் “போலீஸ் வருது” என்று கிசுகிசுப்பார்கள். என் மாமியார், “நர்சுதான், ஆனா நோயாளியத் தொடமாட்டா” என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறார். என்.ஏ.பி.எச். தரச் சான்றிதழுக்காகப் பெரிய ஆஸ்பத்திரிகள் நேற்று கண்டுபிடித்த வேலை இது என்றுதான் எங்கள் ஆட்களே நினைக்கிறார்கள். செவிலியத் தொழிலின் வரலாறு தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

வருடந்தோறும் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் பிறந்தநாளான மே 12 அன்று மெழுகுவத்தி ஏற்றி உறுதிமொழி எடுக்கிறோம். பாடப்புத்தகத்தில் அவர் கைவிளக்கேந்திய காரிகை. விளக்கைப் பிடித்துக்கொண்டு பதிவேட்டை விட்டுவிட்டார்கள் என்பது என் வருத்தம். கிரிமியப் போரின்போது 38 பெண்களோடு அவர் துருக்கியின் ஸ்கூட்டாரி பாசறை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது 1854 நவம்பர் 4. அங்கே இறந்தவர்களைக் குறிக்க மூன்று தனித்தனிப் பதிவேடுகள் இருந்தன. புதைத்தவர் கணக்கு ஒன்று, மருத்துவர் கணக்கு ஒன்று, படை அலுவலகக் கணக்கு ஒன்று. மூன்றும் ஒத்துப்போகவில்லை. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியிலும் சென்சஸ் நோட்டு, பில்லிங், கம்ப்யூட்டர் என்று மூன்று இடத்தில் மூன்று எண்.

ஊர் திரும்பியபின், அரசின் பிறப்பு இறப்புப் புள்ளிவிவரங்களைக் கவனித்த வில்லியம் ஃபாருடன் உட்கார்ந்து கணக்கைப் பிரித்தார். 1855 ஜனவரி என்ற ஒரே மாதத்தில், கிழக்கே போன பிரிட்டிஷ் படையில் காயத்தால் இறந்தவர்கள் 83 பேர். கழிவுநீரும் நெரிசலும் கொண்டுவந்த தொற்றுநோய்களால் இறந்தவர்கள் 2,761 பேர். அவரை வாட்டியிருக்க வேண்டிய எண் வேறு. போர்முனைக்குப் பக்கத்திலிருந்த மருத்துவமனைகளைவிட, அவர் வேலை பார்த்த ஸ்கூட்டாரியில்தான் ஆட்கள் அதிகம் செத்திருந்தார்கள். 1855 மார்ச்சில் சுகாதாரக் குழு வந்து சாக்கடையைச் சுத்தம் செய்த பிறகே சாவு சரிந்தது. விளக்கோடு சுற்றிவந்த அந்தக் குளிர்காலம் முழுக்கத் தன் காலடியிலேயே சாக்கடை தேங்கிக் கிடந்ததை அவர் தன் கணக்கில் மறைக்கவில்லை. தொழிலின் முதல் ஆடிட் தன் மேலேயே செய்துகொண்ட ஆடிட். அவர்மேல் எனக்குப் பக்தி வந்தது இதனால்தான். 1858-ல் லண்டன் புள்ளியியல் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்த்தது. அங்கே இடம் பெற்ற முதல் பெண் அவர்தான்.

இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனால் அவர் பங்கெடுத்துத் தயாரித்த கேள்வித்தாள் வந்தது. குடிதண்ணீர் எங்கிருந்து, கழிவு எங்கே போகிறது, எத்தனை பேர் படுத்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்று நாட்டிலுள்ள படைநிலையங்களிடம் எல்லாம் கேட்டு வாங்கி, 1863-ல் அரச ஆணையம் அறிக்கை தந்தது. இங்கிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் வருடத்துக்கு ஆயிரத்துக்கு 69 பேர் வீதம் செத்துக்கொண்டிருந்தார்கள். சென்னை பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது 1871-ல். இந்த மண்ணில் நர்சு வருவதற்கு முன்பே நர்சின் படிவம் வந்துவிட்டது என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

இந்த அம்மாளும் ஒரு கணக்கில் வழுக்கினார். எனக்குப் பிடித்த இடம் அது. மருத்துவமனைகள் குறித்து அவர் எழுதிய நூலின் 1863 பதிப்பில் வில்லியம் ஃபார் தயாரித்த அட்டவணை ஒன்று இருக்கிறது. 1861 ஏப்ரல் 8 அன்று லண்டனின் 24 மருத்துவமனைகளில் இருந்த நோயாளிகள் 4,214 பேர். அந்த வருடம் முழுக்க அங்கே இறந்தவர்கள் 3,828 பேர். ஒன்றை மற்றொன்றால் வகுத்து, நூற்றுக்கு 90.84 என்று அச்சிட்டுவிட்டார்கள். மருத்துவர்கள் கொதித்துப்போனார்கள். நியாயம்தானே? ஒரு நாள் தலைக்கணக்கால் ஒரு வருடச் சாவை வகுத்தால், அதே கட்டிலில் அந்த வருடம் படுத்து, குணமாகி, நடந்து வீட்டுக்குப் போனவர்கள் எங்கே? மேலே போடும் எண்ணை எல்லோரும் பார்க்கிறார்கள். கீழே போடும் எண்ணில்தான் மானம் போகிறது.

என் மானமும் அதில்தான் போனது. குவாலிட்டிக்கு வந்த புதிதில் சிறுநீர் கத்தீட்டர் தொற்றுக் கணக்கை ஒரு கூட்டத்தில் வாசித்தேன். ஐ.சி.யூ.வில் 4, ஜெனரல் வார்டில் 2. ஐ.சி.யூ. இன்சார்ஜ் சிஸ்டரை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். ஒரு வாரம் கழித்துத்தான் கத்தீட்டர் இருந்த நாட்களை எண்ணினேன். ஐ.சி.யூ.வில் 800 நாள், வார்டில் 100 நாள். ஆயிரம் நாளுக்கு என்று பார்த்தால் ஐ.சி.யூ.வுக்கு 5, வார்டுக்கு 20. அந்த சிஸ்டர் என்னோடு பேச ஆறு மாதம் ஆயிற்று. பேசியபோதும், “கணக்கு டீச்சர், சாப்பிட்டாச்சா?” என்றுதான் கேட்டார்.

எண்ணத் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை நடந்தது. பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர், ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை போட்டு, ஒரு வருடம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று எழுத வேண்டும் என்றார். சரியாகவில்லை என்றால் ஏன் என்றும் எழுத வேண்டும். இதற்காகவே 1911-ல் சிறியதாக ஒரு சொந்த மருத்துவமனை தொடங்கினார். 1916 வரை வீடு திரும்பிய 337 பேரில் 123 பிழைகளைத் தானே பட்டியல் போட்டு, காசு செலவழித்து அச்சிட்டு அனுப்பினார். மற்ற மருத்துவமனைகள் அதுபோல் செய்ய முன்வரவில்லை. 1915-ல் ஒரு கூட்டத்தில் சக மருத்துவர்களைக் கிண்டல் செய்யும் கேலிச்சித்திரம் ஒன்றைத் திறந்து காட்டினார். பதவி போனது, வரும்படி சுருங்கியது. 1940-ல் இறந்தபோது கல்லறைக்கு ஒரு கல்கூட வைக்கவில்லை. அந்தக் கல் 2014-ல்தான் வந்தது.

அவரது யோசனையை எடுத்துக்கொண்ட அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி, நூறு கட்டிலுக்கு மேற்பட்ட 692 மருத்துவமனைகளைச் சோதித்தது. ஒரே ஒரு பக்கத்தில் அடங்கிய குறைந்தபட்சத் தரம். தேறியவை 89. 1919-ல் நியூயார்க் வால்டார்ஃப் ஆஸ்டோரியா ஓட்டலில் கூடியிருந்தவர்கள், பெயர்ப் பட்டியல் பத்திரிகைக்குப் போய்விடுமோ என்று பயந்து, ஓட்டலின் உலையிலேயே அதைப் போட்டு எரித்துவிட்டார்கள்.

இங்கே உலை தேவையில்லை. முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், இரவில் கட்டிலிலிருந்து விழுந்த பெரியவரைப் பற்றி ஒரு பெண் ஒளிக்காமல் இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதினாள். இரண்டு நாள் சம்பளம் பிடித்தார்கள். அதன்பின் மூன்று மாதம் அந்த வார்டில் ஒருவரும் விழவில்லை. நர்சஸ் நோட்ஸ் பூராவும் ‘இரவு நன்றாக உறங்கினார்’ என்றே இருந்தது. அறிவிப்புப் பலகையில் பெரிய சுழி ஒன்று போட்டு, பலூன் கட்டி, கேக் வெட்டினோம். கேக்கில் நானும் ஒரு துண்டு தின்றேன்.

தண்டனைக்காக எண்ணினால் சுழிதான் கிடைக்கும். தெரிந்துகொள்ள எண்ணினால் வேறு கிடைக்கும். டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கிலச் செவிலியர் முதியோர் வார்டுகளில் படுக்கைப்புண்ணை ஆராய்ந்தார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, மலஜலக் கட்டுப்பாடு என்று ஐந்துக்கு மதிப்பெண் போட்டு, யாருக்குப் புண் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லும் அளவுகோலை 1962-ல் வெளியிட்டார். அதற்குக் கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து நான் படித்தபோதும், முதுகில் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடுவதைத்தான் எங்களுக்கு மணிக்கணக்கில் பழக்கினார்கள். ஆளைத் திருப்பிப் படுக்கவைப்பதுதான் மருந்து என்பது ஒரு வரியில் போய்விட்டது.

நம் ஊரிலும் நல்ல கணக்கு உண்டு. பிரசவத்தில் இறக்கும் ஒவ்வொரு தாயையும் பற்றித் தமிழ்நாடு 1994 முதல் தணிக்கை செய்யத் தொடங்கியது. 2004-ல் அரசாணை அதைக் கட்டாயமாக்கியது. இங்கிலாந்தில் 1952 முதல், பெயர்களை நீக்கிவிட்டு ரகசியமாக நடந்துவந்த விசாரணை போன்றதுதான். என் சித்தி கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவர். இறந்தவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வலி எப்போது எடுத்தது, வண்டி எப்போது வந்தது, எந்த ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுத்தார்கள் என்று மணிநேரம் விடாமல் கேட்டு எழுதுவார்களாம். “ஆரம்பத்துல ‘யார் மேல தப்பு’ன்னு கேட்டோம், ஒருத்தரும் வாயத் திறக்கல. ‘எங்க நேரம் போச்சு’ன்னு கேட்டப்பதான் மாமியாக்காரி அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னா” என்பார் சித்தி. லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 2001-03-ல் 134-ஆக இருந்த தாய்மார் மரணம், 2018-20-ல் 54-ஆக இறங்கியது. ரத்த வங்கியும் ஆம்புலன்சும் இரவும் பகலும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமும் செய்த வேலை அதில் பெரிது. ரத்தம் எந்த ஊரில் இல்லை என்று சொன்னது சித்தியின் நோட்டு.

மூச்சுத்திணறிய அந்தப் பாட்டிக்கு வருகிறேன். 2012-ல் பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் வெளியிட்ட எச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு 12 முதல் 20 வரை இருந்தால் சுழி, 25-ஐத் தொட்டால் 3. நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவந்த 20, பாதுகாப்பான எல்லையின் கடைசிப் படி. எப்படியோ சரியாக அங்கேயே போய் நின்றிருக்கிறோம்.

இப்போது 20 போட்டதற்காக யாரையும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. ஆக்சிஜனில் இருப்பவர்களுக்கும் ஆபரேஷன் முடிந்த முதல் ராத்திரிக்காரர்களுக்கும் மட்டுமாவது முழு நிமிடம் எண்ணுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். இரவுக்கு ஓர் ஆள் கூடுதலாகக் கேட்டேன், இன்னும் தரவில்லை. போன மாதம் எடுத்த நாற்பது ஷீட்டில் பதினொன்றில் 20 அல்லாத எண்கள் இருந்தன. 18, 26, ஒன்றில் 31.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரியில் சிஸ்டர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நாடி பார்த்து முடித்த பிறகும் கையை விடாமல் நின்றால், அவள் கண் உங்கள் மார்பில் இருக்கும். சொல்லிவிட்டு எண்ணினால் மூச்சு மாறிவிடும் என்பதால் சொல்லாமல் எண்ணுகிறாள். அந்த ஒரு நிமிடம் அவளிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.