பயன்படு பொருளும் கலையழகும்

பாக்கு வெட்டுதற்கு வேண்டுவது கூரிய இரும்பலகு ஒன்றே. அதன் பிடியிற் பறவையோ விலங்கோ உருவம் பெற்றுவிட்டால் பாக்கு எளிதில் வெட்டுண்ணப் போவதில்லை. அவ்வாறிருந்தும் கண்டி நாட்டுக் கம்மியர் பாக்குவெட்டிக்கும், சுண்ணாம்புச் சிமிழுக்கும், தண்ணீர்க் குடத்துக்கும் இயற்கையின் வடிவங்களை அளித்தனர். ஏன்? இவ்வினாவை எழுப்பி விடை கண்டவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி ஆவார்.

1877ஆம் ஆண்டிற் கொழும்பிலே சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தராகப் பிறந்த அவர், இங்கிலாந்தில் வளர்ந்து, இலண்டனிற் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்தார். கல்லை ஆராயக் கிராமங்கள்தோறும் சென்றவருடைய கண்கள் கைப்பணியாளரின் பட்டடையிலே நிலைத்தன. அவர் குறிப்பெடுக்க, மனைவியார் எதெல் படம்பிடித்தார். அவ்வுழைப்பின் பயனே 1908இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கிலப் பெருநூல். அச்சிட்ட பிரதிகள் 425 மட்டுமே. இயந்திரசாலைப் பொருள்களின் அழகின்மையை வெறுத்து, இலையும் மலரும் பறவையும் பொலியத் துணிகளும் சுவர்த்தாள்களும் ஆக்கிய வில்லியம் மொறிஸ் என்பாரின் அச்சுப்பொறியிலேயே அந்நூல் அச்சாயிற்று என்பது அறிந்து மகிழற்பாலது.

அக்கம்மியர் இயற்கையைப் பார்த்துப் பிரதி செய்தவரல்லர். தொழில் பயிலுஞ் சிறுவன் முதலில் வரைந்து பழகுவது ‘வக தெக’ என்னும் இரட்டை வளைகோடு. அதிலிருந்தே இலையும் கொடியும் மலரும் கிளைக்கும். ‘நெலும் மல’ எனப்படும் தாமரை வட்டமும், ‘பலாபெத்தி’ எனப்படும் இதழ்வரிசையும் தலைமுறை தலைமுறையாகக் கையிலே வாழ்ந்த வடிவங்கள். தும்பறைப் பாய்களிலோ வடிவம் மட்டுமன்றிப் பொருளும் காட்டிலிருந்தே வந்தது. மருள்நாரைத் திரித்து, மரமஞ்சளால் மஞ்சளும் பதிமுகக் கட்டையாற் செம்மையும் ஊட்டி நெய்தனர். பயனுக்கென ஒரு பொருளும் அழகுக்கென வேறொரு பொருளும் அவர்கள் வாழ்விலே இருந்தில.

இத்தகு கலை நலிந்ததற்குக் காரணம் கைத்திறன் குன்றியமையன்று. கம்மியர்க்குத் தொழிலுக்கு ஈடாக நிலம் இருந்தது. அரண்மனையும் ஆலயமும் அவர்களைப் புரந்தன. 1815இற் கண்டி அரசு வீழ்ந்தது. 1832இல் இராசகாரிய முறை ஒழிந்தது. அம்முறையிலே கட்டாய உழைப்பின் கொடுமையும் இருந்தமையால் அதன் ஒழிவை நாம் வருந்தவேண்டியதில்லை. ஆயினும் பழைய ஆதரவு நீங்கிய இடத்திற் புதிய ஆதரவு தோன்றவில்லை. மலிவான இறக்குமதிப் பண்டங்கள் கடைகளை நிரப்பின. ஆங்கிலக் கல்வி பெற்ற நம்மவரோ கைப்பணியைப் பட்டிக்காட்டுப் பொருளென்று ஒதுக்கினர். மிஷன் பாடசாலையிற் பயின்ற என் போன்றோர் இக்கூற்றை எளிதில் மறுக்க இயலாது.

கண்டிக்குரிய இவ்வுண்மை யாழ்ப்பாணத்துக்கும் பொருந்தும். கடகம், சுளகு, கொட்டைப்பெட்டி யாவும் பனை தந்த செல்வங்களே. பிட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டியை நோக்குக. ஓலையின் பின்னலே அதற்கு அழகு. அப்பின்னலின் இடுக்கு வழியே ஆவி ஏறி மாவை அவிப்பதால் அதுவே பயனும் ஆகின்றது. இழைத்த பெண்கள் தம்மைக் கலைஞரென்று எண்ணினாரல்லர். நாமும் அவர்களை அவ்வாறு எண்ணினோமல்லோம். அந்த இடத்தை அலுமினியப் பாத்திரம் பிடித்துக்கொண்டபோது ஒரு கலை போயிற்றென்று எவரும் அழவில்லை.

1917இல் அமெரிக்கா சென்ற குமாரசுவாமி, 1947இல் மறையும்வரை பொஸ்டன் நகர் நுண்கலை நூதனசாலையிலே பணிபுரிந்தார். கலைப்பொருள்களைக் காப்பதே தொழிலாகக் கொண்ட அவர்தாமே, கலைப்பொருளைக் காட்சிக்கு வைப்பது ஏனென்று வினவி ஒரு கட்டுரை எழுதினார். நூதனசாலையில் உள்ளவை நூதனசாலைக்கென ஆக்கப்பட்டவையல்ல, வாழ்க்கையின் தேவைக்கென ஆக்கப்பட்டவை என்பதே அவர் வற்புறுத்திய கருத்து.

ஆதலின் இளைஞர்காள், பழங்கைப்பணியைப் போற்றிப் பேசுவதோடு நம் கடன் முடிந்துவிடாது. கண்ணாடிப் பேழைக்குள் வைத்த கடகம் ஞாபகச் சின்னம். சந்தைக்குக் கொண்டு செல்லும் கடகமே உயிருள்ள கலை. இழைப்பவர்க்கு உரிய கூலியை மனமுவந்து கொடுத்து, வாங்கிய பொருளை நாளும் பயன்படுத்துவோமாயின் அக்கைகள் ஓயா. முதியோர் இல்லங்களிலே அதனைச் செய்து காட்ட வல்லார் இன்றும் உளர். அவர் கைத்திறன் அவரோடு மறையுமுன் அருகிருந்து கற்றல் நம் கடனாகும்.